வெறும் பாத்திரம் திரும்பாது

ஓடீலுக்குத் தொலைக்காட்சியோடு சண்டை போடுவது பழக்கம். அதிலும் புயல் செய்தி என்றால் கேட்கவே வேண்டாம். வரைபடத்தில் அந்த வெள்ளைச் சுருள் வளைகுடாவுக்குள் எட்டிப் பார்த்ததுமே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வாள். கொட்டும் மழையில் நின்று கத்தும் செய்தியாளனைப் பார்த்து, "உள்ள போய் நின்னு பேசுடா, மழை பெய்யுதுன்னு நீ நனைஞ்சு காட்டித்தான் எங்களுக்குத் தெரியணுமா?" என்று அதட்டுவாள். அமெரிக்காவில் லூசியானாவின் தெற்கு ஓரத்தில், பின்வாசல் படி காயலுக்குள் இறங்கும் வீட்டில் பிறந்து வளர்ந்து கிழவியானவள் அவள். அந்த ஊரில் கல்யாணத்தையும் சாவையும்கூடப் புயலின் பெயரைச் சொல்லித்தான் நினைவு வைத்திருப்பார்கள்.

இந்த முறை வந்த புயலுக்கு ருஃபஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர்கள் பக்கம் வரவில்லை. கிழக்கே ஒதுங்கிக் கரையேறி, உள்நாட்டுக்குள் போய்விட்டது. ஓடீலின் கணவர் க்ளோவிஸ் ஜன்னல்களில் அடித்திருந்த பலகைகளைக் கழற்றிக்கொண்டே, "தப்பிச்சோம்டி" என்றார்.

"நாம தப்பிச்சோம்னா வேற யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம்" என்றாள் ஓடீல்.

மாட்டிக்கொண்டவர்கள் மலைக்காரர்கள். வட கரோலினாவின் மலைகளில் அந்தப் புயல் போய் முட்டி, வைத்திருந்த மழையை எல்லாம் ஒரே இடத்தில் கொட்டிவிட்டது. கடல் எங்கே, மலை எங்கே? ஓடீலால் முதலில் நம்பவே முடியவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த படத்தை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பழுப்பு நிற ஆறு, அதில் கூரை மட்டும் தெரிய மிதந்துபோகும் வீடு, இரண்டாக ஒடிந்த பாலம். "அந்த ஒரே வீட்டை எத்தனை தடவைதான் இடிச்சுக் காட்டுவாங்க" என்று க்ளோவிஸ் முணுமுணுத்தார்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. ஒரு வெள்ளை வேன், இரண்டு மரங்களுக்கு நடுவில் ஒருக்களித்துச் சிக்கிக் கிடந்தது. அதன் கதவில் பச்சை எழுத்தில் ஐவி ஃபோர்க் பாப்டிஸ்ட் தேவாலயம் என்று எழுதியிருந்தது.

ஓடீலின் கையிலிருந்த காப்பிக் கோப்பை பாதி வழியில் நின்றது. "ஏய் மனுஷா, இங்க ஓடி வா! அந்த வேன்! நம்ம வாசல்ல வந்து நின்னுச்சே, அதே வேன்!"

க்ளோவிஸ் வருவதற்குள் படம் மாறி, வேறு ஏதோ ஊரின் மேயர் பேசத் தொடங்கிவிட்டார். ஆனால் ஓடீலுக்குச் சந்தேகம் இல்லை. எழுந்து போய் அலமாரியின் மேல்தட்டைத் திறந்து, ஒரு பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். வெள்ளைப் பாத்திரம், பக்கவாட்டில் மூன்று நீலப் பூக்கள், கண்ணாடி மூடி. அதைக் கவிழ்த்தாள். அடியில் ஒட்டியிருந்த காகித நாடாவில் கறுப்பு மையால் எழுதியிருந்தது: "வெர்னா லெட்ஃபோர்ட், ஐவி ஃபோர்க். எங்கே சுற்றினாலும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்."

அந்தப் பாத்திரம் பதினோரு ஆண்டுகளாக வீட்டுக்குப் போகவில்லை. அதற்குக் காரணம் ஓடீல்தான்.

லெட்டி புயல் அடித்த ஆண்டு அது. அந்தக் காயல் பக்கத்து வெள்ளம் அழையா விருந்தாளி மாதிரி. வந்தால் சட்டென்று போகாது. அவர்கள் வீட்டுக்குள் மார்பளவு ஏறி, நாள்கணக்கில் தங்கி, போகும்போது முழங்கால் அளவுக்குச் சேற்றை விட்டுப் போனது. ஓடீல் வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. காப்பீட்டு ஆள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனான். தொலைக்காட்சிக்காரன் ஒருவன் வந்து, "உங்க மனசு எப்படி இருக்கு?" என்று கேட்டு, பதில் வராததால் பக்கத்து வீட்டுக்குப் போனான். க்ளோவிஸ் கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார்.

பிறகு அந்த வெள்ளை வேன் வந்தது. ரப்பர் பூட்ஸ் போட்ட, குண்டான, சிவந்த முகமுள்ள ஒரு அம்மாள் இறங்கி நேராகப் படிக்கு வந்தார். பெயர் கேட்கவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. சுடச்சுட ஒரு பாத்திரத்தை அவள் மடியில் வைத்து, ஒரு கரண்டியைக் கையில் திணித்தார். "முதல்ல சாப்பிடும்மா. சேறு எங்கயும் ஓடிப்போயிடாது" என்றார்.

பாலாடைக்கட்டி உருகி ஓடும் மக்கரோனி. ஓடீல் ஒரு வாய் சாப்பிட்டாள். அப்புறம் இன்னொரு வாய். பாத்திரம் காலியானபோது அவள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தாள். அழுது முடித்ததும் எழுந்து மண்வெட்டியை எடுத்தாள். இதுதான் நடந்தது. இதைச் சொன்னால் கேட்பவர்கள், "ஒரு வேளை சோறுதானே" என்பார்கள். அந்த ஒரு வேளையில்தான் தனக்கு உயிர் திரும்பி வந்தது என்று ஓடீல் சொல்வாள்.

வெர்னா என்ற அந்த அம்மாளும், வேனை ஓட்டி வந்த நெட்டையான கணவரும், கூட வந்தவர்களும் ஊரில் தங்கி வீடு வீடாகச் சேற்றை வாரினார்கள். அந்த நெட்டை மனிதர் வாயே திறக்க மாட்டார். அழுகிப் புழுத்த இறால் நிறைந்த உறைபெட்டியை க்ளோவிஸோடு சேர்ந்து தூக்கி வெளியே வைத்தார், மூக்கைக்கூடப் பொத்தவில்லை. ஒருநாள் விடியும் முன்பே அவர்கள் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். பாத்திரம் மட்டும் ஓடீலின் வீட்டில் தங்கிவிட்டது. நன்றி என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கவில்லை.

அந்த ஊரில் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். இறால் வந்த பாத்திரத்தில் இனிப்பு போகும், இனிப்பு வந்ததில் தோட்டத்து வெண்டைக்காயாவது போகும். க்ளோவிஸ் முதல் ஆண்டே சொன்னார், "பார்சல்ல போட்டு அனுப்பிடு."

"வெறும் பாத்திரத்தையா? என்னைப் பெத்தவ என்ன வளர்த்தாளோன்னு கேக்க மாட்டாங்க?"

"சரி, உள்ள எதையாவது வச்சு அனுப்பு."

"போய்ச் சேர்றதுக்குள்ள ஊசிப்போகும். நேர்ல போய்த்தான் கொடுக்கணும்."

நேரில் போவது என்றால் க்ளோவிஸ் வண்டி ஓட்ட வேண்டும். அவரோ உப்புக்காற்று வீசாத ஊருக்கு ஒருநாளும் போனதில்லை. மலை என்றால் படத்தில் பார்த்தாலே தலை சுற்றும் என்பார். அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே போனது. ஓடீல் அதில் சமைக்கவில்லை, அடுப்பில் வைக்கவில்லை. தூசி படிந்தால் உட்புறத்தை மட்டும் கழுவி, அடிப்பக்கத்தை உலர்ந்த துணியால் ஒற்றி எடுப்பாள். எழுத்து அழியக்கூடாது என்று அதன்மேல் கண்ணாடி நாடா வேறு ஒட்டியிருந்தாள். "கோயில்ல வச்சுக் கும்பிடு" என்று க்ளோவிஸ் கேலி செய்வார்.

இப்போது கேலி செய்யவில்லை. ஓடீல் தேவாலயத்தின் எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள். மறுமுனையில் தொலைபேசி மணி அடிக்கவே இல்லை. மறுநாளும் அப்படியே. செய்தியில் காணாமல் போனவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. அவள் தொலைக்காட்சிக்கு முன்னாலேயே சாப்பிட்டாள், அங்கேயே ஜெபமாலை உருட்டினாள். சேற்றில் நடக்கும் ஒவ்வொரு குண்டான பெண்ணையும் உற்றுப் பார்த்தாள். யாரும் வெர்னா இல்லை.

"க்ளோவிஸ், அந்த அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்கன்னா, நான் இந்தப் பாத்திரத்தை யாருக்குக் கொடுப்பேன்?" என்று கேட்டாள்.

க்ளோவிஸ் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "டி-பாய்க்குப் போன் போடு" என்றார்.

டி-பாய் அவர்களுடைய ஞானமகன். ஞானத்தந்தை க்ளோவிஸை அந்த ஊர் வழக்கப்படி பரேன் என்றும் ஞானத்தாய் ஓடீலை நானான் என்றும் அழைப்பான், வயது நாற்பதாகியும் அவர்கள் முன்னால் கொஞ்சம் சின்னப்பிள்ளைதான். எங்கே வெள்ளம் என்றாலும் தட்டையான அலுமினியப் படகை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஓடும் கூட்டத்தில் ஒருவன். அவன் ஏற்கெனவே கிளம்பத் தயாராகத்தான் இருந்தான். ஊர்க்காரர்கள் அரிசி மூட்டையும் சாஸேஜும் தண்ணீர்ப் புட்டிகளும் கொண்டுவந்து படகை நிரப்பினார்கள். இருநூறு பேருக்குச் சமைக்கும் கறுப்பு இரும்பு அண்டாவை க்ளோவிஸ் உருட்டி ஏற்றினார். லெட்டி புயலில் யார் யார் வந்து தங்கள் வீட்டைச் சுத்தம் செய்தார்கள் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும் என்பது பொய்யில்லை.

"அந்தப் பீர் பெட்டியை இறக்கு" என்றாள் ஓடீல்.

"நானான், வேலை செய்றவனுக்குத் தாகம் எடுக்காதா?"

"குடியைத் தொடாத பாப்டிஸ்டுக்காரங்க முன்னாடி என் மானத்தை வாங்காதே. இறக்குடா."

இரவும் பகலுமாக ஓட்டிப் போனார்கள். மலைச் சாலையின் வளைவுகளில் க்ளோவிஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த புனிதர்களின் பெயரை எல்லாம் வரிசையாகச் சொன்னார். ஓடீலின் மடியில் பாத்திரம் இருந்தது. என்ன சொல்லி நன்றி சொல்வது என்று வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஐவி ஃபோர்க் ஊர் எல்லையில் சாலையை மறித்து நின்ற தீயணைப்புக்காரப் பெண், படகைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"எதுக்குங்க படகு?"

"வெள்ளம்னாங்களே" என்றான் டி-பாய்.

"வந்துச்சு. அன்னைக்கே போயிடுச்சு."

டி-பாய் எட்டிப் பார்த்தான். ஊரை அடித்துக்கொண்டு போன ஆறு கணுக்கால் அளவில் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளம் என்றால் வந்து தங்கும் என்றுதான் காயல்காரர்களுக்குத் தெரியும். மலையில் அது உருண்டு ஓடிவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மீதி இருந்தது சேறும் பாறையும் முறிந்த மரமும்தான். டி-பாயின் காது சிவந்துவிட்டது. "ஆயிரம் கிலோமீட்டருக்குப் படகை இழுத்துட்டு வந்தேனே பரேன், இதுல வாத்துக்கூட நீந்தாது."

"அண்டாவை இறக்குடா" என்றார் க்ளோவிஸ். "பசிக்குத் தண்ணி மட்டம் கிடையாது."

பள்ளிக்கூடத்து முற்றத்தில் அடுப்பு மூட்டினார்கள். பன்றி இறைச்சியும் சாஸேஜும் வெங்காயமும் போட்டு வதக்கி, அதிலேயே அரிசியைக் கொட்டிக் கிளறும் ஜம்பலாயா. ஓடீல் மிளகாய்த்தூளைப் பாதிக்குப் பாதி குறைத்துத்தான் போட்டாள். ஆனாலும் முதல் தட்டு வாங்கிய முதியவர் கண்ணில் நீர் வழிய நின்றார்.

"என்னம்மா இது, இதுல என்ன போட்டீங்க?"

"ஒண்ணும் போடலையே!"

"நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் வைங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே தட்டை நீட்டினார்.

வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் ஓடீல் ஒரே கேள்வியைக் கேட்டாள். வெர்னா லெட்ஃபோர்டைத் தெரியுமா? எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்போது எப்படி இருக்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாளின் வீடு மேலே, ஓடையோரப் பள்ளத்தாக்கில். அங்கே போகும் சாலை மொத்தமாக அடித்துக்கொண்டு போய்விட்டது. மேலேயிருந்து இன்னும் ஒருவரும் இறங்கி வரவில்லை. ஒரு பெண் மெல்லச் சொன்னாள், "அந்த ஓடை ஓரத்துல ஒரு வீடும் நிக்கலைன்னு ஹெலிகாப்டர்காரங்க பேசிக்கிட்டாங்க."

ஓடீல் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. வந்தவர்களுக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். நன்கொடையாக வந்து மிஞ்சிக் காய்ந்திருந்த ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் சர்க்கரையிலும் ஊறவைத்து, சின்ன இரும்புச் சட்டியில் தணலுக்கு நடுவே புதைத்து ரொட்டிப் புட்டிங் செய்தாள். வெந்ததும் அதை நீலப் பூப் பாத்திரத்துக்கு மாற்றினாள். யார் கேட்டாலும் கொடுக்கவில்லை. மாலையில் வெர்னா வரவில்லை என்றானதும் வரிசையில் நின்ற பிள்ளைகளுக்குப் பகிர்ந்தாள். மறுநாள் காலையில் மறுபடி செய்தாள்.

அன்று ஒரு தொலைக்காட்சிக் குழு வந்து சேர்ந்தது. பளபளப்பான மழைச்சட்டை போட்ட இளைஞன் ஒலிவாங்கியை அவள் முன் நீட்டினான். "அம்மா, இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. உங்க மனசுல இப்ப என்ன இருக்கு?"

ஓடீல் அவனைப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்தாள். "மிஸ் வெர்னா, உங்க பாத்திரம் என்கிட்ட பத்திரமா இருக்கு. பள்ளிக்கூட வாசல்லதான் நிக்கிறேன். பசியா இருந்தா வாங்க. வர முடியலைன்னா எங்க இருக்கீங்கன்னு யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க."

இளைஞன் விழித்தான். க்ளோவிஸ் அவள் காதருகே வந்து, "அங்க கரண்டே இல்லையேடி, டிவியை எப்படிப் பாப்பாங்க?" என்றார்.

"தெரியும். இத்தனை வருஷம் அதைப் பாத்துத் திட்டியிருக்கேன். ஒரு தடவையாவது அது எனக்கு உதவட்டுமேன்னு சொன்னேன்."

அதைக் கேட்டுக்கொண்டு நின்றவர்களில் கார்லண்ட் என்ற விவசாயி ஒருவர் இருந்தார். டிராக்டர் வைத்திருந்தார். மேலே மருந்தும் தண்ணீரும் கொண்டுபோக நேற்றே முயன்றிருக்கிறார். இழுவைப்பெட்டியின் சக்கரம் சேற்றில் அச்சுவரை புதைந்ததால் திரும்பிவிட்டார். "டிராக்டர் எப்படியோ ஏறுது. பின்னாடி கட்டுறது எதுவா இருந்தாலும் அமுங்கிப்போகுது" என்றார்.

டி-பாய் தலையைத் தூக்கினான். திரும்பித் தன் படகைப் பார்த்தான். தட்டையான அடிப்பாகம், சக்கரம் கிடையாது, அரையடித் தண்ணீர்கூட இல்லாத சதுப்பில் வழுக்கிக்கொண்டு போவதற்கென்றே செய்தது. "பரேன், சேறுதானே? நம்ம ஊர்ல இது சேத்துலதானே ஓடுது!"

கால் மணி நேரத்தில் படகு டிராக்டருக்குப் பின்னால் கட்டப்பட்டது. தண்ணீர், மருந்துப் பெட்டி, நாய்த்தீனி, மூடிபோட்ட வாளிகளில் ஜம்பலாயா எல்லாம் ஏறின. டி-பாயோடு ஓடீலும் ஏறினாள்.

"உன் முட்டிக்கால் என்ன ஆகும்?" என்று க்ளோவிஸ் கத்தினார்.

"முட்டிக்கால் உக்காந்துதானே வரப்போகுது."

வேறு வழியில்லாமல் அவரும் ஏறி அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அப்படியாக, கடலோரத்துப் படகு ஒன்று மலைமேல் ஏறியது. தொலைக்காட்சி இளைஞன் அதைப் படம் பிடிக்கப் பக்கத்திலேயே ஓடி வந்து சேற்றில் விழுந்தான். படகு வழுக்கியது, இடித்தது, ஒருமுறை கவிழப் பார்த்தது. ஓடீல் பாத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடவுளிடம் பேரம் பேசினாள். உயிரோடு இருந்தால் போதும், என்னை அடையாளம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை என்றாள்.

கடவுள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்.

மேட்டில் தப்பி நின்ற ஒரே வீட்டின் முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் கையசைத்துக்கொண்டு நின்றார்கள். வீட்டுக்காரி ஓடி வந்து கார்லண்டைக் கட்டிக்கொண்டாள். ஓடீல் படகிலிருந்து இறங்குவதற்குள் கேட்டாள், "வெர்னா லெட்ஃபோர்ட்?"

"இருக்காங்க, இருக்காங்க. தண்ணி வர்ற சத்தம் கேட்டதும் நாய்தான் இழுத்துட்டு வந்துச்சு. உயிர் மட்டும்தான் மிச்சம்." வீட்டுக்காரி கீழே கையைக் காட்டினாள். "அதோ, அவங்க வீடு இருந்த இடம். காலையில போனா இருட்டுற வரைக்கும் சேத்தைக் கிளறிட்டே இருக்காங்க. என்ன தேடுறீங்கன்னா சொல்ல மாட்டேங்கறாங்க. சாப்பிடவும் மாட்டேங்கறாங்க."

வீடு என்று அங்கே எதுவும் இல்லை. மூன்று கல் படிகள் மட்டும் நின்றன, எங்கேயும் போகாத படிகள். அதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சேறு கிளறும் வாரி ஒன்று. குண்டான உடம்பு வற்றிப்போயிருந்தது, முகத்தின் சிவப்பும் போயிருந்தது. ஆனால் ஓடீலுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த நன்றி அத்தனையும் மறந்துபோனது. அவள் போய்ப் பாத்திரத்தை வெர்னாவின் மடியில் வைத்தாள். மூடியைத் திறந்து கரண்டியைக் கையில் கொடுத்தாள்.

"முதல்ல சாப்பிடுங்க மிஸ் வெர்னா. சேறு எங்கயும் ஓடிப்போயிடாது."

வெர்னா நிமிர்ந்து பார்த்தார். "உங்களை எனக்குத் தெரியுமாம்மா?"

"லெட்டி புயல். லூசியானா. என் வாசற்படியில வந்து எனக்குச் சோறு போட்டீங்க."

வெர்னா அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "எத்தனையோ ஊருக்குப் போனோம்மா. எல்லா வாசற்படியிலயும் யாரோ ஒருத்தர் உக்காந்திருந்தாங்க. மன்னிச்சுக்க, எனக்கு நெனப்பு இல்ல."

ஓடீலுக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொன்னால் பொய். இத்தனை ஆண்டும் ஒவ்வொரு நாளும் நினைத்த முகம், தன்னை ஒருநாளும் நினைக்கவில்லை. ஆனால் உடனே இன்னொன்றும் தோன்றியது. நினைவு வைத்துக்கொள்ள வேண்டியது வாங்கினவள் வேலை. கொடுத்தவருக்கு அடுத்த வாசற்படிக்குப் போக வேண்டியிருக்கும். "பரவாயில்ல, சாப்பிடுங்க" என்றாள்.

வெர்னா ஒரு வாய் சாப்பிட்டார். பிறகு இன்னொரு வாய். ஓடீல் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டாள். க்ளோவிஸ் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றார்.

"உங்க கூட ஒரு நெட்டையானவர் வந்தாரே. எங்க உறைபெட்டியைத் தூக்கினாரே, அவர் எங்க?" என்று அவர் கேட்டார்.

"ஹோய்ட். போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்துல போயிட்டார். நெஞ்சுவலி." வெர்னா கரண்டியை நிறுத்தவில்லை. "நல்லவேளை, இதெல்லாம் பாக்கல."

க்ளோவிஸ் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். "நல்ல மனுஷன். மூக்கைக்கூடப் பொத்தலை" என்றார்.

வெர்னா சிரித்தார். சிரித்தபோது பழைய முகம் கொஞ்சம் திரும்பி வந்தது. புட்டிங் தீர்ந்து, கரண்டி அடியில் உரசியது. அப்போதுதான் அவர் பாத்திரத்தைப் பார்த்தார். நீலப் பூவைக் கட்டைவிரலால் தடவினார். "எங்கிட்டயும் இதே மாதிரி..." என்று தொடங்கிப் பாதியில் நிறுத்தி, பாத்திரத்தைக் கவிழ்த்தார்.

அசையவில்லை. நாடாவில் இருந்ததை வாசிக்க அத்தனை நேரம் ஆகாது.

"இது ஹோய்ட் எழுதினது" என்றார்.

வெர்னா பாத்திரத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"உன் பாத்திரத்துக்கெல்லாம் ஊர் சுத்துற புத்திடின்னு கேலி பண்ணுவார். ஒவ்வொண்ணா எடுத்துக் கவுத்து வச்சு, அடியில இதை எழுதி ஒட்டுவார். வாயைத் திறந்து பேச மாட்டார், எழுதுறதுல மட்டும் குறும்பு." அவர் விரல் எழுத்தின் மேல் மெதுவாகப் போனது. "பைபிள்ல எழுதி வச்சிருந்தார், போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடி எழுதின கடுதாசி, போச்சு. போட்டோவுக்குப் பின்னாடி எழுதினது, போச்சு. அவர் கையால எழுதின துண்டுச் சீட்டு ஒண்ணு கெடைச்சாப் போதும்னுதான்..." அவர் வாரியைக் காட்டினார். வாய்விட்டு அழுதார்.

ஓடீலும் அழுதாள். அழுதுகொண்டே, "என்னை மன்னிக்கணும் மிஸ் வெர்னா. எப்பவோ திருப்பிக் கொடுத்திருக்கணும். வெறுமனே அனுப்பக் கூடாதுன்னு நான்தான் பிடிவாதமா வச்சுக்கிட்டேன். இந்த மனுஷன் வண்டி ஓட்ட மாட்டேன்னுட்டார்" என்றாள்.

வெர்னா மூக்கைத் துடைத்துக்கொண்டு, சமையலறை இருந்த பக்கமாக முகவாயை நீட்டினார். அங்கே பாறையும் சேறும் இருந்தன. "திருப்பிக் கொடுத்திருந்தீங்கன்னா இதுவும் அங்கதான்மா போயிருக்கும்."

பதினோரு ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்த கல் அந்தப் படியிலேயே இறங்கிவிட்டது. ஓடீல் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரைத் திட்டியதற்குக் கணக்கில்லை. "க்ளோவிஸ், உன் சோம்பேறித்தனத்துக்கு ரொம்ப நன்றி" என்றாள். மனதாரத்தான் சொன்னாள்.

"நான் எப்பவும் சொல்றதுதானே, எதுக்கும் அவசரப்படக் கூடாதுன்னு" என்றார் க்ளோவிஸ். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

பிறகு ஓடீல் ஒத்திகை பார்த்ததில் மிச்சமிருந்த ஒரே வார்த்தையைச் சொன்னாள். "அன்னைக்கு நன்றி சொல்லலை. இப்பச் சொல்றேன்."

"நான்தான் சொல்லணும்" என்றார் வெர்னா. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யார் சொல்வது என்று வழக்காடினார்கள். மேலே வீட்டு வாசலில் டி-பாய் ஜம்பலாயா வாளியைத் திறக்க, யாரோ பலமாக இருமுவது கேட்டது.

"போய் எல்லாருக்கும் போடுவோம் வா. நான் சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு?" என்று வெர்னா எழுந்தார். எழுந்தவர் பாத்திரத்தை அழுக்காக எடுத்துப்போக மனமில்லாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். ஓடீல் படகிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து வந்து திறந்தாள்.

வெர்னா பாத்திரத்தை நீட்டினார். உட்புறத்தை மட்டும் விரலால் தேய்த்துக் கழுவினார். அடிப்பக்கத்தில் ஈரம் படாமல் உள்ளங்கையை விரித்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அப்படிப் பிடிக்க வேண்டும் என்று ஓடீல் அவருக்குச் சொல்லவில்லை. ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல், அவள் மெதுவாகத் தண்ணீரை ஊற்றினாள்.